பெண் பார்க்கப் போய்ப் பீங்கான் பார்த்தது

எனக்குப் பீங்கான் பைத்தியம் உண்டு. பழைய கோப்பை, சாசர், ஊறுகாய் ஜாடி என்று எது கண்ணில் பட்டாலும் கவிழ்த்துப் பார்த்தாக வேண்டும். செய்தவர்களின் முத்திரை அடியில்தான் இருக்கும். கிரீடம், நங்கூரம், குறுக்கே வைத்த இரண்டு வாள், சில சமயம் வெறும் ஓர் எழுத்து. அதன்மேல் நகத்தை ஓட்டுவேன். வழுக்கிக்கொண்டு போனால் பளபளப்புப் பூச்சுக்கு அடியில் போட்ட முத்திரை. நகத்தில் தட்டினால் பூச்சுக்கு மேலே போட்டது. ராயபுரத்துப் பழைய சாமான் கடைக்காரர் என்னைக் கண்டாலே, "மூடியப் புடிச்சுக்கிட்டுக் கவுத்துங்க சாமி" என்று குரல் கொடுப்பார்.

மச்சினனுக்குப் பெண் பார்க்கப் பெருமாநல்லூருக்குக் கிளம்பினோம். மனைவி காரிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, போற ஊட்டுல எதையும் கவுத்துப் பாக்காதீங்க. எந்தம்பிக்கு இதாவது அமையட்டும்."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

தெரிந்துதான் இருந்தது, டீ வரும்வரை. மெல்லிய வெள்ளைக் கோப்பை. நீலக் கொடி, தங்க விளிம்பு. வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல்களின் நிழல் உள்ளே தெரிந்தது. மச்சினன் தன் பனியன் கம்பெனி வேலையைப் பற்றிப் பயந்து பயந்து சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. டீயோ கொதித்தது, குடித்து முடிக்கவும் வழியில்லை.

ஃபேனைப் பார்ப்பதுபோல அண்ணாந்தேன். "காத்து நல்லா வருதுங்க" என்று சொல்லியபடியே கோப்பையை நெற்றிக்கு மேலே தூக்கினேன். நீல நிறத்தில் ஏதோ தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். பாதி டீ என் சட்டையில்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பெண்ணின் அப்பா மெதுவாக எழுந்து என் பக்கத்தில் வந்தார். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

அவர் என் காதருகே குனிந்து, "ஏனுங்க தம்பி, முத்திர தெரிஞ்சுதுங்களா?" என்றார்.

"இரட்டை வாள் மாதிரி இருந்துதுங்க."

"வாள் இல்லீங்க, நங்கூரம். நானும் மொதல்ல அப்படித்தான் ஏமாந்தேன். உள்ள வாங்க, அலமாரியத் தொறக்கறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சபையில் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோப்பைகளையும் தட்டுகளையும் வரிசையாகக் கவிழ்த்தோம். அவர் டார்ச் அடித்தார், நான் நகம் ஓட்டினேன். பெண்ணின் அம்மா வந்து எட்டிப் பார்த்து, "பொண்ணு பாக்க வந்தீங்களா, பீங்கான் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்ல எங்களுக்கு நேரமில்லை.

கடைசியாக ஒரு கிண்ணத்தில் தகராறு வந்தது. அடியில் சின்னச் சதுரம், அதற்குள் மூன்று அலைக்கோடுகள். வேறு எழுத்தே இல்லை.

"கடலோரத்துப் பட்டறைங்க. துறைமுக ஊருல செஞ்சிருக்கோணும்" என்றேன்.

"கோடு நெளியறதப் பாருங்க, இது ஆறு" என்றார் அவர். அவர் பிறந்தது கொமரலிங்கம்; அமராவதிக் கரைக்காரர் ஆற்றை விட்டுக்கொடுப்பாரா? "அலைன்னா இன்னும் ஒசந்து நிக்கோணுமுங்க!"

குரல் உயர்ந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது மைக்ரோவேவுல வெக்கலாமுன்னு போட்டிருக்குதுங்க. போன தீவாளிக்கு நாந்தான் வாங்கியாந்தேன்."

மச்சினன் வெடித்துச் சிரித்தான். வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து தலையைக் குனிந்தே இருந்தவன், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதைப் பார்த்து அந்தப் பெண்ணும் சிரித்தாள். என் மனைவி மட்டும், "சட்டைக்குத் தொவைக்கற படம் போட்ட லேபிள் செக் பண்றதுதானுங்க கம்பெனில இவருக்கு வேலையே, இந்தப் படம் மட்டும் தெரியல பாருங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தாள்.

"தனியாப் பேசோணும்னா பேசுங்க கண்ணு" என்றார் பெண்ணின் அம்மா. இருவரும் மாடிக்குப் போனார்கள். நாங்கள் பீங்கானை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கி முடித்தும் இறங்கி வரவில்லை.

திரும்பும் வழியில் மனைவி என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். பின் சீட்டில் மச்சினனின் போன் விடாமல் சிணுங்கியது. அவன் ஒவ்வொரு முறையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் அடித்தான். அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருடா?"

"அவிகதானுங்க்கா" என்றான்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பேக்கரியில் வண்டியை நிறுத்தச் சொல்லி மூன்று பேருக்கும் டீ வாங்கித் தந்தாள். பேப்பர் கப்பில்.