ஓட்டை போட்ட நாற்காலி

போன கோடை விடுமுறையில், பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஏரிக்கரையில் நடந்தது இது. அங்கே கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று கேள்விப்பட்டதும் என் அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடமாக மருத்துவமனையைத் தவிர அவர் எங்கும் போனதில்லை. "ஒரு நாளாச்சும் ஏரிக்கரையில படுத்து எந்திரிக்கணும்" என்று அவரே வாய்விட்டுக் கேட்டதால், நானும் கணவரும் தடபுடலாகக் கிளம்பினோம்.

நான் பள்ளி ஆசிரியை. எதையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் செய்வேன். ஒரு மாதம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, கூடாரம், காற்றடிக்கும் மெத்தை, மடக்கு அடுப்பு எல்லாம் வாங்கி வைத்தேன்.

போய்ப் பார்த்தால் ஏரிக்கரை முழுக்கத் திருவிழாக் கூட்டம். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் கார் கூரைமேல் கூடாரம் விரித்து ஏணியில் ஏறி இறங்கினார்கள். வாடகைக் குடில் எடுத்த குடும்பம் ஏசியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மினி லாரி. கயிற்றுக் கட்டில், அண்டா, விறகு, தார்ப்பாய் என்று இறங்கிக்கொண்டே இருந்தது. "வூட்டையே பேத்துக்கிட்டு வந்துட்டாங்க" என்று கணவரிடம் கிசுகிசுத்தேன். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ஏணிக் கூடாரத்துக்கு ஏழு, குடிலுக்கு ஐந்து, மினி லாரிக்கு இரண்டு, எங்களுக்கு ஒன்பது என்று மனதுக்குள் மார்க்கும் போட்டுவிட்டேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். அம்மாவுக்குத் தலை சுற்றியது. உதடு காய்ந்து, முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினால் வேண்டாம் என்று தள்ளினார். "வூட்டுக்கே போயிரலாம்மா" என்றார். அவ்வளவு ஆசையாக வந்தவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவர் கூடார முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் மினி லாரிக் குடும்பத்து அக்கா ஒரு சொம்பு மோரோடு வந்தார். அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"ஏங்க, அம்மா காலையில இருந்து தண்ணியே குடிக்கலைங்களா? இங்க கக்கூசுல குந்தோணுமில்லைங்க. கால மடக்க முடியாதுன்னு பயந்துக்கிட்டு வாயக் கட்டிட்டு இருக்காங்க."

எனக்குச் சுரீர் என்றது. பள்ளியில் கழிவறைக்குத் தண்ணீர் வராத நாட்களில் நானே சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறேன். மெத்தைக்கும் அடுப்புக்கும் ஒரு மாதம் யோசித்தவளுக்குப் பெற்ற தாய் எங்கே போய் உட்காருவார் என்று தோன்றவில்லை.

அக்கா லாரியிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கினார். நடுவில் வட்டமாக அறுத்து, ஓரத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்கள்.

"எங்க மாமியாருக்குச் செஞ்சதுங்க. வருசா வருசம் குலசாமி கோயிலுக்கு லாரி கட்டிக்கிட்டுப் போயி காட்டுல ரெண்டு மூணு நாளு தங்குவோம். அவங்கள வுட்டுட்டுப் போக முடியுங்களா?"

நாற்காலியை ஒரு கையிலும் அம்மாவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அவரே கழிவறைக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சொம்பு மோரையும் குடித்து முடித்தார். சற்று நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது. பிடுங்கிய முளைகளைக் கணவர் மறுபடி அடித்தார். தரையோடு கிடந்த என் மெத்தையிலிருந்து அம்மாவால் எழுந்திருக்க முடியாது என்று அவர்களுடைய கயிற்றுக் கட்டிலும் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

விடிந்து நான் கண் விழித்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கப் போட்டபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த தடவ சித்தேரி மலைக்குப் போலாமா?" என்றார். நாற்காலியைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்து அக்காவுக்கு நன்றி சொன்னேன். "இதென்னங்க பெரிய வித்தை, வூட்டுல பழைய சேரு இருந்தா அறுத்துக்குங்க" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்த வாரமே கணவர் ஒன்றை அறுத்துவிட்டார். சித்தேரிக்கும் போய் வந்துவிட்டோம். இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும் அம்மா ஒரு சொம்பு தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் காரில் ஏறுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் இரண்டு மார்க் போட்டு, பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட அந்த அக்காவை வெட்கத்தோடும் நன்றியோடும் நினைத்துக்கொள்கிறேன்.