லேக்கர் காயுமுன் வைத்த பொட்டு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் செஞ்சியில் காருக்கு ஹெட்லைட் மங்கிவிட்டால் என் ஷெட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு எவனுக்கும் அந்த வேலை தெரியாது. கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் புதிதாக ஒருவன் கடை திறந்திருக்கிறான். அவன் தேய்த்து அனுப்பும் விளக்கு ஒரு மழைக்காலம் தாங்கினாலே அதிசயம்.

போன கோடையில், அவலூர்பேட்டை ரோட்டில் கார் ஓட்டும் டிரைவர் ஒருவன் வந்தான். மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசில் அவன் வண்டிக்கு எஃப்.சி. சோதனை. விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இந்த முறையும் தவறினால் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயில் சவாரி கிடையாது. அவன் வீட்டு அடுப்பு எரிவதே அந்தச் சவாரியில்தான்.

விளக்கு இரண்டும் கஞ்சித் தண்ணீர் போல இருந்தன. ஓரத்தில் வெள்ளையாக என்னவோ காய்ந்து கிடந்தது.

“இன்னாடா இது?”

“பேஸ்ட்டு, மேஸ்திரி. போன்ல ஒருத்தன் தேச்சுக் காட்னான்.”

“வண்டிக்குப் பல்லு வெளக்கி இட்டாந்துக்கிற. வாய் கொப்புளிக்க வெச்சியா?”

இப்படிப்பட்டவர்களுக்கு வேலை செய்தே என் தலை நரைத்தது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். விளக்கில் ஏறியிருந்த மஞ்சள் கறை கரைந்து பால் போல ஒழுகியது. பாலிஷ் போட்டு, மேலே லேக்கர் அடித்தேன். லேக்கர் இல்லாவிட்டால் வெயில் பட்டுத் திரும்ப மங்கிவிடும். ஏசிக் கடைக்காரன் மிச்சம் பிடிப்பது அதில்தான். “காயற வரைக்கும் ஒரு ஈ கூட அது மேல குந்தக் கூடாது” என்று டிரைவரைக் காவல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், இரண்டு விளக்கிலும் நட்டநடுவே மஞ்சளும் குங்குமமும் பெரிய பொட்டாக இருந்தன. அவனுடைய அம்மா மலையனூர்க் கோயில் குங்குமத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். மகன் கை கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறான்.

“ஏன்டா, சொல்றதுக்கு வாய் இல்லையா?”

“சாமி குங்குமம், மேஸ்திரி. வேணாம்னு எப்டி சொல்றது?”

லைட்டைப் போடச் சொன்னேன். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது, நடுவில் செக்கச்செவேலென்று இரண்டு கறையோடு. அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் அழிக்க விடவில்லை. அம்மன் கோபித்துக்கொள்வாளாம். இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவுதான் மூளை.

கடைசியில் அந்த அம்மாளே அவன் தோளில் ஓர் அடி போட்டாள். “சவாரி இல்லாம ஊட்ல குந்திக்கினா மட்டும் அம்மன் சிரிப்பாளா? நீ தேய் மேஸ்திரி. ஆனா ஈரம்னு ஒரு பலகை எழுதி மாட்றதுக்கு இன்னா உனக்கு?”

என் ஷெட்டில் நின்றுகொண்டு எனக்கே புத்தி! முதலிலிருந்து தேய்த்து, திரும்ப லேக்கர் அடித்தேன். அவள் பானெட்டில் வேறு பொட்டு வைத்துக்கொண்டாள். ஊரைச் சுற்றியுள்ள மலைப்பாறைச் சூட்டில் லேக்கர் பொழுது சாய்வதற்குள் இறுகிவிட்டது.

மறுநாள் வண்டி பாஸ். அமாவாசைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு என் ஷெட்டைத் தாண்டிப் போனான், ஹாரன்கூட அடிக்கவில்லை. எஃப்.சி. கிடைத்தது பானெட்டில் வைத்த பொட்டால்தான் என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். திரியட்டும். அடுத்த முறை விளக்கு மங்கினால், அந்தப் பொட்டே வந்து தேய்த்துக் கொடுக்கட்டும்.