கத்தரிக்கு வாய்தா

இலையுதிர் காலம் என்று காலண்டரில் போட்டிருந்ததே தவிர, அந்த ஊரில் எந்த இலைக்கும் உதிர்கிற உத்தேசம் இல்லை. ஐந்தில் ஓடிய மின்விசிறியை மூன்றுக்குக் குறைப்பார்கள். பருவம் மாறியதற்கு அடையாளம் அவ்வளவுதான். தோட்டம் போடுகிறவர்களுக்கு அதுவே போதும். கோடையில் காய்த்து ஓய்ந்த செடிகளைப் பிடுங்கிவிட்டு கோஸ், காரட், பீட்ரூட் என்று போட வேண்டிய நேரம் அது. கொஞ்சம் தாமதித்தால் அடுத்த வெயில் வாசலில் வந்து நிற்கும்.

தாமதிப்பதில் வாய்தாவை மிஞ்ச ஆள் கிடையாது.

கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடுத்த தேதியைச் சொல்லி அனுப்பியதற்குத் தெரு வைத்த பட்டம் அது. தீர்ப்பு எழுதுகிற பாவம் நீதிபதிக்கு. தேதி சொன்னவனை யாரும் சபிக்கமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. சபித்தவர்கள் எல்லோரும் வராந்தாவில் நின்று சபித்ததால் அவர் காதில் விழவில்லை. வீட்டிலும் அதே நிர்வாகம்தான். குளியலறைக் குழாய் சொட்டுவது நெடுநாளாக விசாரணையில் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரே பாத்தி. அதில் முழுக்க அவருடைய கத்தரிச் செடிகள். இலையெல்லாம் வெள்ளை ஈ, தண்டெல்லாம் மாவுப்பூச்சி, தப்பித் தவறிக் காய்த்தால் சொத்தை. மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஊரார் பேண்டைக் குட்டையாக்கிக் கொடுப்பவள். பீட்ரூட் விதைப் பொட்டலத்தை மெஷின் மேலேயே வைத்துக்கொண்டு தினமும் கேட்டாள்.

“என்னங்க, நீங்க பிடுங்குறீங்களா, நான் பிடுங்கட்டுமா?”

“பூ விட்டிருக்கு பாரு.”

“போன வாரமும் பூதான் விட்டுச்சு.”

“அது வேற பூ. அடுத்த வாரம் பாப்போம்.”

“அந்தச் செடியே வெக்கப்பட்டுச் செத்துடும் போல. உங்களுக்குத்தான் ஒண்ணும் வரமாட்டேங்குது.”

ஒருநாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எதிர்த்தரப்பு ஓய்ந்துவிட்டது என்று அவர் நிம்மதியாகப் பேப்பர் படித்தார். அவளோ செடிகளுக்கு இடையிலேயே விதையைத் தூவி முடித்திருந்தாள். மதிய வெயில் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. முளைத்து வருகிற பீட்ரூட்டுக்குக் கத்தரி இலை நிழல் கொடுக்கும். அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு தேதி கொடுப்பாரே.

இரண்டு வாரம் கழித்து, தைக்கக் கொடுத்த பேண்டை வாங்க வந்த எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், கத்தரி கேஸ் இன்னும் முடியலையா? எங்கிட்ட கார் கத்துக்க வர்றவங்களே உங்களவிட வேகமாப் போறாங்க.”

மனைவி சிரித்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் சொன்னது போகட்டும். இவள் சிரித்ததுதான் வாய்தாவுக்கு உறுத்தியது.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் அவர் மண்வெட்டியை எடுத்தார். விசாரணை இல்லை, வாதம் இல்லை. அத்தனை கத்தரியையும் வேரோடு பிடுங்கிக் குவித்தார். அடியில் சிவந்த தண்டோடு பொடிப்பொடியாக மண்டிக் கிடந்த களையையும் விட்டுவைக்கவில்லை. மண்ணைக் கொத்திப் புரட்டி, சட்டை நனைய நின்றார். பாராட்டு வந்தால் எப்படி அடக்கமாக வாங்கிக்கொள்வது என்று யோசித்தார்.

அவள் வாளியோடு வந்தாள்.

“எல்லாம் முடிச்சாச்சு. களை உட்பட,” என்றார்.

குவியலிலிருந்து ஒன்றை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். “இதுவா களை? பீட்ரூட். உங்க கத்தரி நிழல்ல போட்டிருந்தேன். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நீங்க இழுத்தடிக்கிறது உபயோகப்பட்டுச்சு. அதையும் இன்னைக்குப் பாத்து முடிச்சிட்டீங்க.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அவர் குத்த வைத்து உட்கார்ந்து நாற்றுகளைத் திரும்ப மண்ணில் செருகிப் பார்த்தார். ஒவ்வொன்றும் தலையைத் தொங்கப் போட்டது. பொட்டலத்தில் ஒரு விதைகூட மிச்சமில்லை என்று கேட்காமலே சொன்னாள். ‘ரெண்டு நாள் பாப்போம்’ என்பது அவர் நாக்கு நுனி வரை வந்தது. வாளியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

“பொழைக்காது,” என்றார். “விதை வாங்கிட்டு வரேன். இப்பவே. இன்னைக்கே போட்டுடலாம்.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“போங்க. அப்படியே நிழலுக்கு, ஒண்ணுத்துக்கும் உதவாத கத்தரிச்செடி நாலு கிடைக்குதான்னு கேட்டு வாங்கிட்டு வாங்க.”