பியூன் பொன்னுச்சாமியால் நான் பட்ட பாடு

டி.வி. ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டு அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பெட்டியில் கோளாறே இருக்காது. அதில் வந்த நிகழ்ச்சியில்தான் இருக்கும். ரேடியோ, மிக்ஸி, கிரைண்டர் என்று எதையாவது கழற்றி மாட்டிப் பிழைத்தவர்கள் இதைப் படித்தால் "ஆமப்பா, ஆமா" என்று தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்பட்டால் போதும்.

எண்பதுகளின் பின்பாதியில் செல்லூரில் எனக்கும் இஸ்மாயில் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு டி.வி. கடை இருந்தது. இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தெருவில் நின்றுதான் பேச வேண்டும், அவ்வளவு பெரிய கடை. அப்போது வாரம் ஒருநாள் சாயங்காலம் 'ஏழு வீட்டுக் குழாயடி' என்று ஒரு நாடகம் வந்துகொண்டிருந்தது. ஒரு காம்பவுண்டு, ஏழு குடித்தனம், நடுவில் ஒரே குழாய். அதில் வரும் சரஸ்வதி டீச்சருக்குக் காய்ச்சல் என்றால், அந்த வாரம் முழுக்க எங்கள் தெருப் பெண்கள் எந்தக் கசாயம் நல்லது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஏழாவது வீட்டில் பியூன் பொன்னுச்சாமி. மற்ற ஆறு வீட்டிலும் போய்க் காப்பி குடிப்பதுதான் நாடகத்தில் அவருக்கு வேலை.

அந்த நாடகம் முடிந்து ஊரே துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், பொன்னுச்சாமியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, வேறு ஊருக்கு மாற்றல் செய்து, அவர் பெயரிலேயே புது நாடகம் ஒன்றை ஆரம்பித்தார்கள். எனக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

ஆறு வீட்டைக் காணோம்

புது நாடகத்தின் முதல் வாரம் முடிந்து, மறுநாள் காலையில் நான் கடையைத் திறப்பதற்குள் முத்துலட்சுமி அக்கா வந்து நின்றார். எதிர்ச்சந்தில் குடியிருப்பவர். "தம்பி, டி.வி. பாதிதான் எடுக்குது. வந்து என்னான்னு பாரு" என்றார். பாதிப் படம் என்றால் பெரிய வேலை. பையைத் தூக்கிக்கொண்டு போய், பின்மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மொட்டை மாடிக்கு ஏறினேன். ஆண்டெனா கொடைக்கானல் டி.வி. டவர் பக்கம் பார்த்து நேராக நின்றது.

இறங்கி வந்து, "எந்தப் பாதிக்கா தெரியல? மேலயா, கீழயா?" என்று கேட்டேன். "பொன்னுச்சாமி நல்லாத்தான் தெரியுறாரு. டீச்சரக் காணோம், வக்கீலக் காணோம், அந்த ரெட்டப் பிள்ளைகளக் காணோம். குழாயக்கூடக் காணோம் தம்பி" என்றார். இது வேறு நாடகம், இதில் அவர்கள் வர மாட்டார்கள், பொன்னுச்சாமி மட்டும்தான் ஊர் மாறியிருக்கிறார் என்று கால்மணி நேரம் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அதெல்லாம் சரி தம்பி. அந்த ஆறு வீடும் எங்கிட்டாவது இருக்கத்தான செய்யும்? கம்பிய லேசா அங்கிட்டுத் திருப்பிவிட்டுப் போ."

நிற்காத தறிகள்

செல்லூரில் டி.வி. வேலை பார்க்கிறவன் முதலில் தெரிந்துகொள்வது விசைத்தறியைப் பற்றித்தான். தறிகள் ஓடினால் கரண்டு இறங்கும். வீடுகளில் படம் நாலு பக்கமும் சுருங்கிவிடும். குழாயடி நாடகம் வந்த காலத்தில் அந்த அரைமணி நேரம் எங்கள் தெருவில் ஒரு தறி ஓடாது. கடையில் மாட்டியிருந்த வோல்டேஜ் மீட்டரின் முள் ஒரே துள்ளாகத் துள்ளி மேலே போகும். அதைப் பார்த்தே நாடகம் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

புது நாடகத்துக்கு முள் அசையவே இல்லை. டீச்சர் இல்லாத நாடகத்துக்குத் தறியை நிறுத்துவதா என்று எல்லோருக்கும் ரோஷம். பார்க்க ஆசைப்பட்ட ஒன்றிரண்டு பேருக்கும் பொன்னுச்சாமி தீப்பெட்டிப் படம் போலத்தான் தெரிந்தார். அதற்கும் என்னிடம்தான் வந்து சண்டை. மூன்றாம் வாரம் முள் லேசாக நடுங்கியது. ஐந்தாம் வாரம் பாதி தூரம் ஏறியது. ஆறாம் வாரம், ஆபீஸ் பெட்டியில் இருந்த நகை காணாமல்போய், பழி பொன்னுச்சாமி மேல் விழுந்தது. அதற்கடுத்த வாரம் தெரு முழுக்கத் தறிகள் நின்றுவிட்டன, சௌந்தரபாண்டி அண்ணனுடைய எட்டுத் தறிகளைத் தவிர. அந்த எட்டுமே படத்தைச் சுருக்கப் போதும்.

அக்கம்பக்கத்தார் என்னைத்தான் தூது அனுப்பினார்கள். போய், தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு தறியின் நூலைச் சரிசெய்துகொண்டே, "அந்தாளு களவாண்டிருக்க மாட்டான்ல?" என்றார். "தெரியாதுண்ணே. இன்னிக்குத்தான் சொல்லுவாங்க" என்றேன். ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டே வந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டியபடி சொன்னார்: "நான் ஒண்ணும் நாடகம் பாக்க வரல. அந்தாளு ஜெயிலுக்குப் போயிட்டானா இல்லையானு மட்டும் பாத்துட்டு வந்துருவேன்."

பிளேடு வைத்திருந்த எலி

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் பெரிய டி.வி. ஒன்று இருந்தது. அங்கே பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். டீச்சர் கட்சிக்குப் புது நாடகம் துரோகம். பொன்னுச்சாமி கட்சிக்கு அது முன்னேற்றம். ஒரு வாரம் நாடகம் தொடங்கும் நேரத்தில் திரையில் வெறும் புள்ளிகள்தான் பறந்தன. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். ஆண்டெனாவிலிருந்து வரும் வயர், கதவுக்குப் பின்னால் சுத்தமாக அறுபட்டிருந்தது.

நான் மாடியில் வயர் இழுத்துக்கொண்டிருக்கும்போது எம்.ஏ. படிக்கிற ஒருவர் மெல்ல ஏறி வந்தார். கண் கலங்கியிருந்தது. "நான்தாண்ணே அறுத்தேன். பொன்னுச்சாமிக்கு உடம்பு முடியாம கெடந்தப்ப டீச்சர் எம்புட்டு நாள் கஞ்சி வச்சுக் குடுத்தாங்க! ஊரு மாறிப் போயி இத்தன வாரமாச்சு, ஒரு லெட்டர்கூடப் போடல அந்தாளு" என்றார். கீழே இறங்கினால், மாணவர்களையெல்லாம் நிற்கவைத்து வார்டன் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். அறுத்தவர் யார் என்று தெரியாவிட்டால் வருஷம் முழுக்க டி.வி. அறைக்குப் பூட்டு என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க தொழில் தெரிஞ்சவர். சொல்லுங்க, இது எப்படி அறுந்தது?" என்றார்.

"எலி சார்" என்றேன்.

வார்டன் வயரை வாங்கி, அறுபட்ட முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலியா? ஷேவ் பண்ற எலி போலிருக்கு" என்றவர், ஏனோ அதற்குமேல் கேட்காமல் எல்லோரையும் போகச் சொல்லிவிட்டார். நான் சைக்கிளை எடுக்கும்போது பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த எலியப் பாத்தீங்கன்னா பொறுமையா இருக்கச் சொல்லுங்க. போன வாரம் பொன்னுச்சாமி தபாலாபீசுக்குள்ள நுழைஞ்சாரு, நான் பாத்தேன்."

காப்பி குடிக்காத பொன்னுச்சாமி

கீழக்குயில்குடியிலிருந்து ஒருநாள் மத்தியானம் ஒருவர் வந்தார். சைக்கிள் கேரியரில் பஞ்சாயத்து டி.வி.யைச் சாக்கு சுற்றிக் கட்டி, ஏறாமலே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "சத்தம் வருது, படம் வரல. சாயங்காலத்துக்குள்ள வேணும்ணே" என்றார். பெயரைக் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். பொன்னுச்சாமி. பள்ளிக்கூடத்தில் பியூன்.

அந்த மனிதர் பட்டதை எங்களிடம் சொன்னார். பழைய நாடகம் வந்த காலம் முழுக்க, "என்ன பொன்னுச்சாமி, இன்னிக்கு யாரு வீட்டுக் காப்பி?" என்று ஊரே கேட்டுச் சிரித்திருக்கிறது. அதனால் அடுத்தவர் வீட்டில் மட்டுமல்ல, சொந்த வீட்டிலும் காப்பி குடிப்பதை விட்டுவிட்டாராம். அன்றைக்குச் சாயங்காலம் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம், "பியூன் பொன்னுச்சாமியா? காப்பி குடிக்கிற பொன்னுச்சாமியா?" என்று கேட்டுச் சிரித்தாராம். "அந்தம்மாவுக்குப் பழசுதான் தெரியும். புதுசு பாக்குறதில்லயாம். புதுசுல பொன்னுச்சாமி எம்புட்டு மரியாதையான ஆளு! இன்னிக்கு ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா போதும்ணே" என்றார்.

எரிந்துபோயிருந்தது எல்.ஓ.டி. என்கிற உள் டிரான்ஸ்பார்மர். கைவசம் புதிது இல்லை. இஸ்மாயில் அண்ணன் கடை முகப்பில் நாங்கள் ஓடவிட்டிருந்த சொந்த டி.வி.யைத் திறந்து அதிலிருந்து கழற்றிக் கொடுத்தார். குலுங்கக் கூடாதென்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் நானே கூடப் போனேன்.

பெண் பார்த்து, பலகாரம் சாப்பிட்டு முடித்துப் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. நாடகம் ஆரம்பித்தது. எங்கள் கெட்ட நேரம், அந்த வாரம் பார்த்து நாடகப் பொன்னுச்சாமி புது அதிகாரி வீட்டுக்குப் போய் வரிசையாக நாலு டம்ளர் காப்பி குடித்தார். ஜனம் உருண்டு புரண்டு சிரித்தது. நிஜப் பொன்னுச்சாமி தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அந்த அம்மாளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, திரும்பி அவரைப் பார்த்தார். "ஏண்ணே, உங்க வீட்டுல எங்களுக்கெல்லாம் காப்பி குடுத்தீங்க, நீங்க மட்டும் ஏன் குடிக்கல?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பொன்னுச்சாமியின் மனைவிதான் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "நாளைக்கு நீங்க கைநனைக்க எங்க வீட்டுக்கு வரணும். வந்து காப்பி குடிக்கணும். குடிக்காத ஆளு எங்களுக்குச் சம்பந்தியா வேணாம்."

முதுகைக் காட்டியவர்

என் கூட்டாளி இஸ்மாயில் அண்ணனை மறந்தால் பாவம். அவர் டீச்சர் கட்சி. புது நாடகத்தைப் பார்ப்பதில்லை என்று சத்தியமே செய்திருந்தார். வாராவாரம் கடை முகப்பு டி.வி.யில் நாடகம் ஓடும். வாசலில் ஐம்பது பேர் நிற்பார்கள். அவர் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஈயம் உருக்கிச் சாலிடர் வைத்துக்கொண்டிருப்பார். "ஒரு தடவ திரும்பிப் பாருங்கண்ணே" என்றால், "தௌபா! டீச்சரம்மாவ மறந்துட்டு அதையெல்லாம் பாப்பனா?" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

கடைசி வாரத்துக்கு முந்தின வாரம். பொன்னுச்சாமி ஊரைக் கூட்டிவைத்து ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். திடீரென்று சத்தம் போய்விட்டது. படம் மட்டும் வாயசைத்தது. கூட்டம் என்ன ஏது என்று உணர்வதற்குள், இஸ்மாயில் அண்ணன் நாற்காலி சரிய எழுந்து, பின்மூடியைக் கழற்றி, அறுந்திருந்த ஸ்பீக்கர் வயருக்குச் சாலிடர் வைத்துச் சத்தத்தைக் கொண்டுவந்துவிட்டார். அதற்குள், "நகைய எடுத்தது ஹெட்கிளார்க்குத்தான, அதச் சொல்லிட்டானா?" என்று பதறிப்போய்க் கேட்டும்விட்டார். ஐம்பது பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவர் நாற்காலியை நிமிர்த்தி, மறுபடி திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "எதுக்குப்பா சிரிக்கிறீங்க? பாக்க மாட்டேன்னுதான சொன்னேன், கேக்க மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

சாலிடர் சூட்டுக்கோல் பட்டு விரல் வெந்ததெல்லாம் எனக்குப் பெரிதில்லை; யாரோ எழுதி யாரோ நடித்த ஒரு பியூனுக்காக ஊர் ஊராகச் சமாதானம் பேசித் தொண்டை வறண்டதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட உண்மையான உழைப்பு.