சுருதி நிற்காத பெட்டி

சித்தியால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. சோறு தின்னும்போதும் இடது கை விரல்கள் தரையில் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். தாயும் தகப்பனும் போன பிறகு, அக்காவான என் அம்மாவோடு பீர்மேட்டு எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வந்து சேர்ந்தவள் அவள். அப்பா தேயிலை ஃபேக்டரியில் மெஷின் ஓட்டினார். அம்மா கொழுந்து பறித்தாள். சித்தி மட்டும் மலைக்கு மேலிருந்த ரிசார்ட்டில், தங்க வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த ரிசார்ட்டின் சாமான் அறையிலிருந்துதான் சிந்தசைசர் என்கிற மின்வாத்தியப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. முதலாளியின் மகன் ஆசையாக வாங்கி, சலித்துப்போய், வெளிநாடு போய்விட்டான். சித்தி கேட்டதும், தொல்லை விட்டது என்று கொடுத்துவிட்டார்கள்.

கோயில் கொடையில் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் கொண்டுவரும் கீபோர்டு மாதிரி இல்லை அது. பொத்தானை அழுத்தினால் தபேலாவும் புல்லாங்குழலும் வருகிற பெட்டியல்ல. கட்டைகள் கொஞ்சம்தான், மேலே முழுக்கத் திருகுகள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ஒரு திருகைத் திருப்பினால், வாயை மூடிக்கொண்டு முனகுகிற ஒருவன் மெல்ல வாயைத் திறப்பதுபோல் சத்தம் விரியும். இன்னொன்றைத் திருப்பினால் அதே சுரம் துண்டு துண்டாகி ஓடத் தொடங்கும். நாமாக நிறுத்தும்வரை நிற்காது. சித்திக்கு அந்த ஓட்டம்தான் பிடித்திருந்தது.

சொல்லித்தர யாரும் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள பாறையில்தான் போனுக்கு ரேஞ்சு கிடைக்கும். அங்கே ஏறி நின்று வீடியோ பார்ப்பாள். பார்த்தது மறப்பதற்குள் ஈரச் சரிவில் ஓடிவந்து திருகுகளைப் பிடிப்பாள். லயத்தில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருநாள் வந்து, "மாவு மில்லு எதுவும் வச்சிருக்கீகளா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். அப்பாவின் வருத்தம் வேறு. "நாள் பூரா மெஷின் சத்தத்துல நின்னுட்டு வாரேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் மெஷினாம்மா?" என்பார். சித்தி ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அப்புறம் எங்களுக்குக் கேட்பது, அவள் முழங்கால் ஆட்டத்தில் கட்டில் கிரீச்சிடுவது மட்டும்தான்.

குளிர் அந்தப் பெட்டிக்கு ஆகாது. பழைய காலத்துச் சாமான்; உள்ளே சூடேறினால்தான் சுருதி ஒரு நிலைக்கு வரும். மேகம் வீட்டுக்குள் புகுந்து போகிற மாதங்களில் சித்தி என் கம்பளியை உருவி அதற்குப் போர்த்திவிட்டு, சூடாகும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

ரிசார்ட்டில் தங்க வந்த கோட்டயத்துப் பெண்கள் இருவர் அவளுக்குச் சிநேகிதமானார்கள். ஒருத்தி பாடுவாள். இன்னொருத்தி லேப்டாப்பில் தாளம் செய்வாள். எல்லாச் சத்தமும் மின்சாரத்திலிருந்தே வரவேண்டும், ஆனால் கேட்கிறவர்கள் ஆடவும் வேண்டும், அழவும் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. பாஸ் என்கிற அடிச்சத்தத்துக்கு ஆள் இல்லாமல் இருந்தார்கள். கோட்டயத்தில் ஒரு கல்லூரி விழாவில் வாசிக்க சித்தியைக் கூப்பிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பத்திலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு இந்தப் பயணம் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஒரு பகல்தானக்கா. விளக்கு வைக்கையில வந்துருவேன்."

அம்மா பாத்திரம் முழுவதையும் தேய்த்துக் கவிழ்த்தாள். பிறகு, "இவளயும் கூட்டிட்டுப் போ" என்று என்னைக் காட்டினாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்திக்குக் காவலாகப் போகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் பஸ் ஏறினோம். கம்பளி சுற்றிய சிந்தசைசர் சித்தி மடியில் இருந்தது. பஸ் வளைந்து வளைந்து இறங்க இறங்க வெயில் ஏறியது. நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன், வாந்தியும் எடுத்தேன். சித்தி ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களால் முன்சீட்டுக் கம்பியில் வாசித்துக்கொண்டே வந்தாள்.

கல்லூரி அரங்கில் முதல் சுரத்தைத் தொட்டதும் பாடுகிற அக்காவின் முகம் சுருங்கியது. மலையில் சரியாக நின்ற சுருதி அந்தப் புழுக்கத்தில் நகர்ந்திருந்தது. லேப்டாப்புக்குக் குளிரும் தெரியாது, வெயிலும் தெரியாது. அது தன் சுருதியில் அப்படியே நின்றது. சித்திதான் அதற்கு இணங்க வேண்டியிருந்தது. சரிசெய்தாள். மேடை விளக்குகளைப் போட்டதும் மறுபடியும் நகர்ந்தது.

பாட்டு தொடங்கியபோது முன்வரிசையிலிருந்து பார்த்தேன். சித்தியின் வலது கை கட்டைகளில் இருந்தது. இடது கை சுருதித் திருகைவிட்டு எழவே இல்லை. மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன். முதலில் பின்வரிசையில் சிலர் கூவினார்கள். பிறகு அடிச்சத்தம் காலடித் தரை வழியாக ஏறி வயிற்றுக்குள் வந்தது. கூவியவர்களே எழுந்து ஆடினார்கள். சித்தியின் முழங்கால் ஆடவில்லை. கைகளைத் தவிர அவள் முழுசாக அசையாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். வேறு யாரோ போலிருந்தாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் பாடுகிற அக்கா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்: "இன்னிக்குப் போகண்டா. நாளைக்கு ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் உண்டு. அது கழிஞ்சு எறணாகுளம். எங்க கூடவே நின்னுக்கோ."

சித்தி போனை எடுத்தாள், வைத்தாள். நீண்ட வராந்தாவில் அந்தக் கோடிவரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். கடைசியில் என் முன்னால் வந்து நின்று என்னையே பார்த்தாள். நான் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தேன். காவல்காரியின் பொறுப்பு நினைவுக்கு வந்தது.

"விளக்கு வைக்கையில வந்துருவோம்னு அம்மாட்ட சொன்னேல்ல சித்தி?"

"ஆமாட்டி. சொன்னேன்" என்றாள். பெட்டிக்குக் கம்பளியைச் சுற்றத் தொடங்கினாள்.

கம்பத்து மாப்பிள்ளையை அவள் வேண்டாம் என்று சொன்னதும், மறு வருடம் அம்மாவே சண்டை போட்டு, அழுது, பிறகு அவளைக் கோட்டயத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டதும் பிற்பாடு நடந்தவை. அன்று திரும்பும் வழியில் அவள் கம்பியில் வாசிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "விரல் வலிக்குடி" என்றாள். நான் நம்பினேன். கோட்டயத்து ஐஸ்கிரீம் பற்றி பக்கத்து சீட்டில் இருந்த ஏலப்பாறைக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டே வந்தேன்.

பஸ் நின்ற இடத்தில், பனிமஞ்சுக்குள், அம்மா நின்றிருந்தாள். கொழுந்து பறிக்கையில் கட்டுகிற பிளாஸ்டிக் படுதாவைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை. எப்போதிலிருந்து நின்றாளோ, தலைமுடியெல்லாம் நனைந்திருந்தது. நான்தான் முதலில் இறங்கினேன். முதன்முறையாக மலையிறங்கிப் போய் வந்திருக்கிற மகள், வாந்தியெடுத்துக் களைத்தவள். கட்டிக்கொள்ளட்டும் என்று கைகளை விரித்து ஓடினேன்.

அம்மா என்னைத் தாண்டிப் போனாள். பெட்டியோடு படியில் இறங்கிக்கொண்டிருந்த சித்தியை அப்படியே கட்டிக்கொண்டாள். "வந்துட்டியாட்டி, வந்துட்டியாட்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பஸ் கிளம்பிப் போயும் அம்மா கையை எடுக்கவில்லை.

எனக்கு மகா கோபம். போனவர்கள் வரத்தானே செய்வார்கள், இதற்கு ஏன் அழுகிறாள் என்று நினைத்தபடி, யாருக்கும் காத்திராமல் லயத்தைப் பார்த்து நடந்தேன்.