ஆறு பெயரில் ஒரு நோயாளி

சிந்தாமணிக்கு வேலை போனதற்கு அவளுடைய இளகின மனசுதான் காரணம் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் உச்சுக்கொட்டுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரணத்தில் பாதி நான். பெயர் வேணுகோபால், மருந்து கொடுக்கிற சன்னலில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஒன்று, அவ்வளவுதான்.

அவள் ஓபி சீட்டு போடுகிற ஒப்பந்த ஊழியர். சிமெண்ட் லாரி ஓட்டிய புருஷன் விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வேலைக்கு வந்தாள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் முந்நூறு பேர். பெயர், வயசு, ஊர், என்ன தொந்தரவு என்று கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். யாரிடமும் அவள் எரிந்து விழுந்து நான் பார்த்ததில்லை. அந்த வேலையை நான் பார்த்துக்கொள்வேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய விரல் கணுக்கள் வீங்கின. விடிந்து ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது. திருச்சியில் காட்டியபோது முடக்குவாதம் என்றார்கள். வயசானால் வருகிற மூட்டுத் தேய்மானம் இல்லை இது. உடம்பு தன் மூட்டுகளைத் தானே அரித்துத் தின்கிற நோய். சரியான மருந்து தொடர்ந்து சாப்பிடாவிட்டால் கை கோணிவிடும். அந்த மருந்துக்கும் டாக்டருக்கும் திருச்சிக்குத்தான் போக வேண்டும். எங்களிடம் இருப்பது வெறும் வலி மாத்திரை.

தனக்கு வந்த பிறகுதான் வரிசையில் அதே நோயோடு எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. சீட்டை வாங்க நீட்டுகிற கையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். லப்பைக்குடிக்காட்டு ஆயிஷா பீவிக்கு டம்ளரைப் பிடிக்க முடியாது. புருஷன் அப்துல் சலாம் துபாயில், கூட்டி வர ஆள் இல்லை. இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு ஒரு சீட்டுக்கு ஐந்து நாள் மாத்திரைதான் என்று சட்டம். ஆறாம் நாள் மறுபடி வா என்றால் அவர் எங்கே வருவார்?

அதனால் சிந்தாமணி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே நாளில் ஆறு சீட்டு, ஒரு மாசத்து மாத்திரை. ஆயிஷா பீவி பெயரில் ஒன்று, மருமகள் அஃப்ரின் பெயரில் ஒன்று, மகள் இஃப்பத், பக்கத்து வீட்டுக்காரி என்று மற்றவை. ஒரே தெருவில் ஆறு பேருக்கு முடக்குவாதம் என்றால் கேள்வி வருமே, ஆறிலும் ‘உடம்பு வலி’ என்று போட்டுவிடுவாள். டாக்டர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். நான் ஆறு பொட்டலத்தையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பேன்.

"அல்லாஹ் ஒன்னைய நல்லா வைக்கணும் புள்ள" என்பார் ஆயிஷா பீவி.

இப்படி ஒருவர் இல்லை, நூறு பேருக்கு மேல். தெரிந்தேதான் செய்தோம். நல்லது செய்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

போன வருஷம் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து இலக்கியா என்கிற இளம் டாக்டர் வந்தாள். இந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்கு முடக்குவாதம் என்று ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்துக் கணக்கிடுகிற ஆய்வு. ஒரே ஆளின் பதிவில், ஒரு வருஷத்துக்குள் இரண்டு தடவையாவது அந்த நோயின் பெயர் இருந்தால் ஒருவர் என்று சேர்ப்பார்கள். நூறு பேர் தேறினால் வாரம் ஒரு நாள் மூட்டு டாக்டரும் மருந்தும் இங்கேயே வரச் சிபாரிசு செய்வதாகச் சொன்னாள். சிந்தாமணியின் முகத்தில் அன்றைக்குப் பார்த்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இனி மாசாமாசம் லீவு போட்டுத் திருச்சிக்கு ஓட வேண்டாம்.

மூன்று வாரம் கழித்து இலக்கியா சொன்னாள்: "பத்தொம்பது பேருதான் வந்திருக்காங்கக்கா. இந்தப் பக்கம் இந்த நோய் ரொம்பக் கம்மி போல."

சிந்தாமணி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் சன்னல் பக்கம் வந்தாள்.

"சார், ‘உடம்பு வலி’ன்னு போட்டுப் போட்டு நாமளே அவங்க எல்லாரையும் இல்லாம பண்ணிட்டோம். நான் சொல்லிடப் போறேன்."

"பைத்தியமா ஒனக்கு? பொய்ப் பதிவுன்னு ரெண்டு பேரையும் வூட்டுக்கு அனுப்பிடுவானுங்க."

"ஒங்க பேரு வராது சார்."

இரண்டு நாள் உட்கார்ந்து, அந்தக் கோணல் விரலால், நினைவிலிருந்தே நூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரு நோட்டில் எழுதினாள். பெயர், ஊர், எந்தக் கை, எத்தனை வருஷமாக. கடைசிப் பெயர் அவளுடையது. அதைக் கொண்டுபோய் இலக்கியாவிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

இலக்கியா கெட்டவள் இல்லை. நோட்டைப் புரட்டும்போது அவள் கண் கலங்கியதை நானே பார்த்தேன். "பதிவுல இல்லாதத நான் எண்ண முடியாதுக்கா. ஆனா பதிவு பொய்னு தெரிஞ்ச பெறகு நான் மறைக்கவும் முடியாது" என்றாள்.

மறுநாள் பெரிய டாக்டர் அரங்கநாதன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஆறு சீட்டுக்கு மருந்து கொடுத்தது யாரு? வேணுகோபாலுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார். நான் சீட்டு போட்டேன், அவரு குடுத்தாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மாசக் கடைசியோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வு முடிந்து அறிக்கை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவுகள் நம்பத் தகுந்தவை அல்ல என்பதால் முழுவதுமாக நீக்கப்பட்டதாக ஒரு வரி. மூட்டு டாக்டர் வேறு ஊருக்குப் போகிறாராம், இங்கிருந்து இரண்டரை மணி நேரம். இதை யாராவது அவளிடம் சொல்ல வேண்டுமே என்று நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வேலை போனதிலிருந்து திருச்சிக்கும் போகவில்லை, மருந்தும் இல்லை. தண்ணீர்ச் செம்பை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி எடுத்து வந்து வைத்தாள்.

அறிக்கையைச் சொன்னேன்.

"மொதல்ல பத்தொம்பது பேராச்சும் இருந்தாங்கல்ல சார்? நான் வாயத் தொறந்து அவங்களையும் அழிச்சிட்டேன்."

நீ மட்டும் இல்லை, நானும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்து அறையில் அவள் மகள் இருந்தாள், காதில் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கிறது. தண்ணீரைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.