துப்பாக்கிக் கட்டையில் வெள்ளைப் பூ

எண்பதுகளின் தொடக்கத்தில், விலங்கியல் மாணவனான நான் போளூரில் பஸ் ஏறி, ஜமுனாமரத்தூர் பக்கம் இருந்த நண்பன் வீட்டுக்குப் போனேன். அங்கே சாமி படங்களுக்குக் கீழே பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அதற்கும் சூடம் காட்டுவார்களாம். கட்டையில் வெள்ளைப் பூ ஒன்று பதித்திருந்தது.

"இன்னா தம்பி, தந்தந்தானே?" என்று கேட்டார் நண்பனின் அப்பா.

சட்டைப் பையிலிருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தேன். பூவெங்கும் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள். எலும்பில்தான் ரத்தம் ஓடிய துளைகள் அப்படித் தெரியும் என்று படித்திருந்தேன். "எலும்புங்க. மாட்டெலும்பா இருக்கும்" என்றேன், அவர் கேட்காததையும் சேர்த்து.

"மாட்டெலும்புக்கா இத்தினி வருசமா சூடம் காட்னோம்?" என்று பதறிய நண்பனின் அம்மா, துப்பாக்கியைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டாயில் சாத்திவிட்டார்.

மறுநாள் மனசு கேட்காமல் அங்கே போய், ஈரத்துணியால் பூவைத் துடைத்தேன். புள்ளிகள் துணியோடு வந்துவிட்டன. எல்லாம் வெடிமருந்துக் கரி. அடியில், தந்தத்துக்கே உரிய, ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிந்தன.

ஓடிப்போய், அது தந்தந்தான் என்று நண்பனின் அம்மாவிடம் சொன்னேன்.

"எங்க மனசு ஆறட்டும்னு சொல்றே. வுடு தம்பி, வந்து சாப்புடு" என்றார் அவர், அன்பாகவே.

நான் கிளம்பும்வரை துப்பாக்கி கொட்டாயிலேயே கிடந்தது. அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை.